அலசுத் தொட்டியில் மோட்டார்

ஆரணியில் வந்து கடலைத் தேடினால் கடலை உருண்டைதான் கிடைக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில், சேவூர் ரோட்டோரத்துச் சாயப்பட்டறை வாசலில் ராஜவேலு ஒரு படகு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினான் என்றால் சனம் சும்மா இருக்குமா? சைக்கிளில் போகிறவன்கூட ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுத்தான் போனான்.

மோட்டார் என்னவோ சின்னதுதான். ஒரு ஆள் தோளில் தூக்கிவிடலாம். மேலே இஞ்சின், கீழே நீளமாக ஒற்றைக் கால், காலின் நுனியில் மூன்று இலை வைத்த விசிறி. ஏரியில் மீன் குத்தகை எடுத்த எவனோ வாங்கி, ஏரி வறண்டதும் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டுப் போனது. பெயிண்ட் உரிந்து, திருகெல்லாம் துருவேறி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

எழிலரசிக்கு அதன்மேல் பரிதாபம் வரவில்லை. பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டாள். அவள் புருஷன் ராஜவேலு ஆறு வருஷம் அந்தமானில் சுற்றுலாப் படகு ஓட்டியவன். முதல் தடவை போனபோது அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெட்ராஸில் வேலை என்று சொன்னான். அவளும் நம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வழியனுப்பினாள். பஸ் நகர்ந்த பிறகுதான், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கப்பல் ஏறப்போறேன் எழிலு"ன்னு கத்தினான் மகராசன். அந்த ஜன்னல் இன்னும் அவள் கண்ணில் நிற்கிறது.

திரும்பி வந்து ஒரு வருஷமாகிறது. பட்டறையில் கூடமாட வேலை செய்கிறான், குறை சொல்ல முடியாது. ஆனால் மனுஷன் ஓரிடத்தில் நிற்கமாட்டான். உட்கார்ந்தால் முட்டி ஆடும், நின்றால் குதிகால் ஆடும். சோறு போட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். இப்படி இருக்கையில்தான் அந்தமானிலிருந்து அவன் கூட்டாளி அருள்தாஸ் போன் போட்டான். படகு கிடைத்துவிட்டது, மோட்டார்தான் இல்லை, நீ ஒன்று கொண்டுவந்தால் இரண்டு பேரும் கூட்டாக ஓட்டலாம் என்றான். ஆக, இந்த மோட்டார் ஓடினால் ராஜவேலு போய்விடுவான். ஓடாவிட்டால் இருப்பான். எழிலரசிக்குக் கணக்கு அவ்வளவுதான்.

அவளுக்கு வேலையே ஓடவில்லை. பட்டறைக்குள்ளே அரக்குச் சாயம் கொதிக்கும், கை அதுபாட்டுக்குப் பட்டு நூலைக் கோலில் மாட்டி முக்கி எடுக்கும், காது மட்டும் வாசலில் கிடக்கும். ஸ்பேனர் விழுந்தால் திடுக்கென்றது. சத்தமே வராவிட்டால் அதற்கு மேல் திடுக்கென்றது. அவன் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினான். பிளக்கைச் சுரண்டினான். வெடித்துப்போயிருந்த ரப்பர்ச் சக்கரத்துக்குப் பதில் புதுசு ஒன்றை மெட்ராஸிலிருந்து பார்சலில் வரவழைத்தான். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் காசியம்மாள்தான் அந்தச் சக்கரம் எதற்கு என்று கேட்டாள்.

"இதுக்கு ரேடியேட்டர் கெடையாதுக்கா. கீழ கீற தண்ணிய இந்தச் சக்கரம் உறிஞ்சி மேல ஏத்தும். இஞ்சின் சூட்டைத் தணிச்சிட்டு, அந்தத் தண்ணி இதோ இந்த ஓட்டையால பீச்சிகினு வரும். வரலன்னா ஜல்தியா நிறுத்திடணும். இல்லாட்டி வெந்துபூடும், அப்புறம் பழைய இரும்புதான். நாங்க அங்க இன்னா சொல்லுவோம்னா, இஞ்சின் ஒண்ணுக்குப் போவுதா பாருன்னுவோம்."

சொல்லியிருக்கக் கூடாது. காசியம்மாள் வாயில் விழுந்தது தெருவின் வாயில் விழுந்த மாதிரி. மறுநாளிலிருந்து பால் ஊற்றுகிறவன் கேட்டான், தறிக்குப் பாவு போடுகிறவர்கள் கேட்டார்கள், கலசப்பாக்கத்திலிருந்து நூல் எடுக்க வந்த அய்யனார்கூடக் கேட்டார்: "இன்னா ராஜவேலு, ஒண்ணுக்குப் போச்சா?" ராஜவேலு சிரித்துக்கொண்டான். எழிலரசி சிரிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவன் பட்டறைக்குள் வந்து நின்றான். குதிகால் ஆடிக்கொண்டிருந்தது.

"எழிலு, எல்லாம் மாட்டிட்டேன். ஓட்டிப் பாக்கணும். கால் முழுசும் தண்ணியில நிக்கணும். நம்ம அலசுத் தொட்டிதான் ஆழம் சரியா இருக்கும். அந்த அழுக்குத் தண்ணிய தொறந்து வுட்டுட்டு வேற புடிக்கட்டுமா?"

சாயம் போட்ட நூலை அலசுகிற சிமெண்டுத் தொட்டி அது. இடுப்பளவு உயரம். உள்ளே கிடந்த தண்ணீர் அரக்கேறி, அடி தெரியாமல் இருந்தது. அடியில் என்ன கிடக்கிறது என்பது எழிலரசிக்குத் தெரியும். முந்தின நாள், வாசலில் கேட்ட சத்தத்தில் மனசு போய், கோலிலிருந்து ஒரு கட்டு நூல் நழுவி விழுந்து ஒரே சிக்காகிவிட்டது. ஊறட்டும், பொறுமையாகச் சிக்கெடுக்கலாம் என்று அப்படியே விட்டிருந்தாள்.

"குழாயில தண்ணி வந்து ரெண்டு நாளாவுது. அதுலயே வெச்சிக்கோங்க" என்றாள்.

குழாயில் தண்ணீர் வராதது நிஜம். ஆனால் அடியில் கிடக்கிற நூலை அந்தச் சக்கரம் உறிஞ்சும் என்பதும் நிஜம். அவன் விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு, தொட்டிச் சுவரில் பலகையைக் கட்டி மோட்டாரை இறுக்கினான். இப்போதுகூடச் சொல்லலாம். அவள் சொல்லவில்லை. நூலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். போகட்டும், வெந்து தொலையட்டும், அந்தச் சனியன் ஒழிந்தால் சரி என்று நினைத்தாள். தன்னையே காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது.

தொட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ராஜவேலு கயிற்றை இழுத்தான். மோட்டார் தும்மியது. இழுத்தான், தும்மியது. "சளி புடிச்சிகினு கீதுபா" என்றாள் காசியம்மாள். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டதே பார்க்கலாம்! தெருவே அதிர்ந்தது. நீலப் புகை கிளம்பி, கொடியில் காய்ந்த நூலையெல்லாம் தாண்டிப் போனது.

ராஜவேலு நிமிர்ந்தான். ஐயோ, அந்த முகம்! எழிலரசி அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாகிறது. கல்யாணமான புதிதில், தேசூர் திருவிழாவில் ராட்டினத்தின் உச்சியில் இருந்தபடி அவளைப் பார்த்துக் கையாட்டினானே, அதே முகம்.

"ஒண்ணுக்குப் போவலியே!" என்று யாரோ கத்தினார்கள்.

ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ராஜவேலு குனிந்து பார்த்தான். "வரும் வரும், புது ரப்பரு, கொஞ்சம் டைம் எடுக்கும்" என்றான். வரவில்லை. சூட்டு வாடை அடித்தது. நிறுத்த வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன், ஆசை கண்ணை மறைக்க, ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல வடிய ஆரம்பித்தது.

எழிலரசியால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துய்யா!" கையில் இருந்த கோலைப் போட்டுவிட்டு ஓடினாள். "நிறுத்து! தொட்டியில நூலு கீது!"

அவள் அவனை ஒருநாளும் 'யா' போட்டுப் பேசியதில்லை. அதில்தான் அவன் சட்டென்று பட்டனை அழுத்தினான். இஞ்சின் நின்றது.

"நூலா? தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"முன்னாடியே?"

"முன்னாடியேதான்."

காசியம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. "அடுப்புல பால் வெச்சேன்" என்று நகர்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

ராஜவேலு மோட்டாரைத் தூக்கிக் கோணிமேல் கிடத்தினான். அடிப்பாகத்தைக் கழற்றினான். உள்ளே ரப்பர்ச் சக்கரத்தையும் அதைச் சுழற்றுகிற தண்டையும் சுற்றி அரக்குப் பட்டு இறுகிக் கிடந்தது, கொண்டை போட்ட மாதிரி. அவன் பிளேடை எடுத்தான்.

"அறுக்காதீங்க" என்றாள் எழிலரசி. "அறுத்தா துண்டு துண்டா உள்ள பூந்துக்கும். சிக்கு எங்க கடைசியா சுத்திச்சோ அந்த நுனியப் புடிக்கணும். தள்ளுங்க."

சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, நகத்தால் தேடி நுனியைப் பிடித்தாள். "இப்ப தண்டை எதிர்ப்பக்கமா திருப்புங்க. மெதுவா. நில்லுங்க. இன்னும் கொஞ்சம். நில்லுன்றேன்ல?" அவன் திருப்பினான், நின்றான். அவள் உருவி விரலில் சுற்றிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே போனது.

"வுட்டிருந்தா வெந்திருக்கும். நானும் எங்கியும் போயிருக்க மாட்டேன்" என்றான் அவன், தலையைத் தூக்காமல். "ஏன் கத்தின?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன். சிரிச்சிகினு இருந்தீங்க. அது அணையறத என்னால பாக்க முடியல." அவள் நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க போறது எனக்குப் புடிக்கலதான். ராத்திரி பகலா பேஜாராத்தான் கீது. ஆனா போறத வுடப் பேஜாரு, என்னைக் கேக்காம போறது. பஸ்ஸு நகந்தப்புறம் சொன்னீங்களே, அன்னிக்கு நான் எப்படி வூடு வந்து சேந்தேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவன் கேட்டதே இல்லை. அவள் "திருப்புங்க" என்றபோது திருப்பினான், "நில்லுங்க" என்றபோது நின்றான். கடைசி இழையும் அறுபடாமல் வந்தது.

சாயங்காலம் காசியம்மாள் வீட்டு டிரம்மிலிருந்து குடம் குடமாக எடுத்து, கழுவிய தொட்டியை நிரப்பினார்கள். இந்தத் தடவை முதல் இழுப்பிலேயே பிடித்தது. ஓட்டையிலிருந்து முதலில் அரக்காக நாலு சொட்டு, அப்புறம் ரோஸ், அப்புறம் பளிங்குத் தண்ணீர் சர்ரென்று பீச்சி, எட்டிப் பார்த்த காசியம்மாளின் முந்தானையை நனைத்தது.

"போயிடுச்சிடீ எழிலு, போயிடுச்சி!" என்று அவள் குதித்தாள். தெரு மொத்தமும் கைதட்டியது. எழிலரசியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

சத்தம் அடங்கியதும் போன் அடித்தது. அருள்தாஸ்தான்.

"மோட்டார் ரெடிடா" என்றான் ராஜவேலு. அங்கே என்னவோ கேட்டார்கள். அவன் எழிலரசியைப் பார்த்தான். "எப்ப வரேன்னா... தெரியல. வரேனான்னே தெரியல. இரு, அவளைக் கேளு." போனை அவளிடம் நீட்டினான்.

கை முழுக்க அரக்குக் கறையோடு அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்கிற ஒரு வார்த்தையை எத்தனையோ நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்தாள். எதிரே ராஜவேலு நின்றான். முட்டி ஆடவில்லை, குதிகால் ஆடவில்லை. அவன் அப்படி அசையாமல் நின்று அவள் பார்த்ததே இல்லை.

"அண்ணி, அனுப்பறீங்களா?" என்றது போன்.

"அனுப்பறேன் தம்பி." அவளுக்குத்தான் இப்போது கால் நிலைகொள்ளவில்லை, தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. சீசன் முடிஞ்ச அன்னிக்கே ஆளை எனக்குத் திருப்பி அனுப்பிடணும். மோட்டார வேணா நீயே வெச்சிக்கோ."