வெள்ளைக்கண்ணருக்கு வைத்த நேர்த்தி

இரணைமடுவுக்குத் திரும்பும் சந்தியில் கலிலியோவைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. வெளிநாட்டிலிருக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் காசு சேர்த்துச் செய்வித்த சிலை. நெஞ்சு வரை தாடி, கால் வரை அங்கி, கையில் தொலைநோக்கி. எல்லாம் சரிதான், கண் மட்டும் இல்லை. கண்ணிருக்க வேண்டிய இடத்தில் அவித்த முட்டையை உரித்து வைத்ததுபோல இரண்டு வெள்ளை உருண்டைகள்.

செய்தவர் வீரபாகு. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கோயில்களுக்குச் சீமெந்தில் உருவங்கள் செய்வது தொழில். "அவங்க குடுத்த படத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே செஞ்சேன்" என்றார். கறுப்பு விழியையாவது வையுங்கோ என்று கேட்டவர்களுக்கு, "கண் தொறக்கறது சாமிக்கு மட்டும்தாங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். சனம் சும்மா இருக்குமா? வெள்ளைக்கண்ணர் என்று பெயர் வைத்துவிட்டது.

இந்த வெள்ளைக்கண்ணரோடு விமலேஸ்வரிக்கு ஒரு சங்காத்தமும் இருந்திருக்க வேண்டியதில்லை. எல்லாம் அவளுடைய வாய் செய்த வேலை. அவளுடைய ஒரே மகள் தாட்சாயினி உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இரண்டு தரம் எழுதியும் கம்பஸ் கிடைக்கவில்லை. மூன்றாவது தரம்தான் கடைசி, அதற்கு மேல் விடமாட்டார்கள். விமலேஸ்வரி வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கினாள், புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பால் கொண்டுபோனாள். தெய்வங்கள் பொங்கலையும் பாலையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தன. அவளுக்கு வந்ததே கோபம்!

சோதனைக்கு முந்தின கிழமை, வயலில் நின்ற புருசன் செல்வநாயகத்துக்குச் சோறு கொடுத்துவிட்டு உச்சி வெயிலில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். சந்தியில் ஒரு குருவி இல்லை. கணக்கைப் பற்றி அம்மனுக்கு என்ன தெரியும், தெரிந்தவரிடமே கேட்டால் என்ன என்று அவளுக்குப் பட்டது. சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, என்ர பிள்ளையை எப்பிடியாவது பாஸ் பண்ண வைச்சுவிடுங்கோ. கம்பஸ் கிடைச்சா உங்களுக்கு நான் கண் திறப்பிக்கிறன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. உடனே அது அடங்கியும் போனது. கண் தெரியாதவர்கள் கதை கேட்கும்போது தலையை ஒரு பக்கம் கொஞ்சம் சரிப்பார்களே, சிலையின் தலை அப்படிச் சரிந்திருந்தது. முந்தியும் அப்படித்தான் இருந்ததா? அவளுக்கு ஞாபகமில்லை. சைக்கிளை உழக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முடிவு வந்தது. தாட்சாயினிக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் கிடைத்தது. வீடு கல்யாண வீடாகியது. அன்றிரவு விமலேஸ்வரி நேர்த்தியைச் சொன்னபோது செல்வநாயகம் புரைக்கேறச் சிரித்தார். "வெள்ளைக்காரனுக்கு நேர்த்தியோ? உனக்கென்ன விசரே? பிள்ளை கண்முழிச்சுப் படிச்சாள், பாஸ் பண்ணினாள்." ஊரும் சிரிக்குமே என்று அவளும் விட்டுவிட்டாள். ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. சந்தியால் போகும்போது மட்டும் நிலத்தைப் பார்த்தபடி போனாள்.

ஆடி மாதம், நிலம் வெடித்துக் கிடந்த காலம். ஒரு பகல் தாட்சாயினி வாசலில் நின்று, "அம்மா, என்ன இப்பிடிப் புகார் மூடிக் கிடக்கு?" என்று கேட்டாள். விமலேஸ்வரி எட்டிப் பார்த்தாள். பனியுமில்லை, மூட்டமுமில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் புகார் இன்னும் தடித்தது. பிறகு பிள்ளைக்குத் தேத்தண்ணிக் கோப்பை தெரியவில்லை, பிறகு தன் கையே தெரியவில்லை. வவுனியாவில் காட்டினார்கள், யாழ்ப்பாணத்தில் காட்டினார்கள். கண்ணில் ஒரு பழுதும் இல்லை என்றுதான் டொக்டர்மார் எல்லோரும் சொன்னார்கள். கம்பஸ் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். விமலேஸ்வரி வெள்ளியில் கண்மடல் செய்வித்து வற்றாப்பளைக்கு ஓடினாள். அம்மனின் காலடியில் வைக்கும்போது அது கையிலிருந்து நழுவி உருண்டு வாசல் வரை போனது. ஒருவருக்கு வைத்த நேர்த்தியை இன்னொருவருக்குச் செய்து தீர்க்க முடியுமா? அம்மனுக்கும் அது தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கதிரையில் இருந்த தாட்சாயினி சத்தம் வந்த பக்கம் தலையைச் சரித்துக் கேட்டாள். அதே சரிவு. 

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள் மகள் மெதுவாக. "கலிலியோவும் கடைசிக் காலத்தில குருடாகித்தான் செத்தவர். வானத்தையே பாத்துக்கொண்டிருந்த மனுசன்."

விமலேஸ்வரி வீரபாகுவிடம் ஓடினாள். அவர் உடனே தலையை ஆட்டினார்.

"முடியாதுங்க தங்கச்சி. கண்ணு தொறந்தா மொதப் பார்வை பொல்லாதது. சாமி செலைன்னா மந்திரம் சொல்லி, பசுவைக் காட்டி, கண்ணாடியக் காட்டி அதை எறக்குவோம். எந்த மனுசனும் எதிர்ல நிக்க மாட்டான். இவருக்கு என்னா மந்திரம்? யாரு தாங்கறது?"

"அண்ணை, என்ர பிள்ளை இருட்டில இருக்குது."

அவர் எழுந்து உள்ளே போனார். பிறகு ஒரு தூரிகையையும் கறுப்பு மைப் போத்தலையும் எடுத்துக் கொடுத்தார். "மொகத்தப் பாக்காம வைங்க. வச்ச ஒடனே கண்ணாடியப் புடிங்க. பார்வை எறங்கினா அது தானா வெடிக்கும். அதுவரைக்கும் கண்ணாடிய எடுத்துறாதீங்க."

மறுநாள் உச்சி வெயிலில் விமலேஸ்வரி பிளாஸ்டிக் கதிரையைப் பீடத்தின் மேல் வைத்து ஏறினாள். வீட்டில் மகளோடு இருந்த செல்வநாயகத்தைப் போனில் அழைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டு, பீடத்தில் வைத்திருந்தாள். முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு இடக்கை விரலால் சிலையின் கண்ணைத் தடவிப் பிடித்தாள். அந்த வெயிலில் சீமெந்து கையைச் சுட்டிருக்க வேண்டும். ஆனால் அது குளிர்ந்து ஈரமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கண்ணுக்கும் கறுப்பு வைத்தாள். அலுமாரியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த கண்ணாடியைச் சிலையின் முகத்துக்கு நேரே பிடித்து, அதன் பின்னால் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"பிள்ளை, தெரியுதோ?"

"இல்லை அம்மா. வெள்ளையாத்தான் கிடக்கு."

கண்ணாடி வெடிக்கவில்லை. காத்து நின்றாள். கை உளைந்தது, வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல அதன் விளிம்பில் ஈரம் கட்டியது. அப்போது அவளுக்கு விளங்கிவிட்டது. இவர் பார்க்கக் காத்திருப்பது கண்ணாடியை இல்லை. வாக்குக் கொடுத்தவளைத்தான்.

 கதிரையை விட்டு இறங்கி ஓடிவிடலாம். ஓடினால் பிள்ளை?

"சரி ஐயா," என்றாள். "அவளை விட்டுவிடுங்கோ."

கண்ணாடியை இறக்கி, நிமிர்ந்து, நேருக்கு நேர் பார்த்தாள்.

போனில் ஒரே கூச்சல். "அம்மா! தெரியுது அம்மா! அப்பா நீலச் சேட்டுப் போட்டிருக்கிறார்! எல்லாம் தெரியுது!"

தாட்சாயினி சைக்கிளில் பறந்து வந்தாள். சிலையின் காலடியில் இருந்த தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அழுதாள். விமலேஸ்வரி அவளுடைய முகத்தைக் கைகளால் தடவித் தடவிக் கொஞ்சினாள். பிறகு மகள் நிமிர்ந்து சிலையைப் பார்த்தாள்.

விமலேஸ்வரியின் இடக்கண்ணின் வெள்ளையில் கடுகளவில் ஒரு மண்ணிறப் புள்ளி உண்டு. பிறந்ததிலிருந்து இருப்பது. சின்ன வயதில் தாட்சாயினி மடியிலிருந்து அதை விரலால் தொடப் பார்ப்பாள்.

"வடிவாத்தான் கண் வைச்சிருக்கிறீங்கள் அம்மா," என்றாள் மகள். "ஆனா இடக்கண்ணில உங்கட புள்ளியையும் ஏன் வைச்சனீங்கள்?"

விமலேஸ்வரி சத்தம் வந்த பக்கம் தலையைக் கொஞ்சம் சரித்தாள்.

"நான் ஒரு புள்ளியும் வைக்கேல்லையே, பிள்ளை. அது கிடக்கட்டும், என்ர கையைப் பிடி, வீட்டை போவம். எல்லாம் புகார் மூடிப்போட்டுது."

தார் றோட்டில் வெயில் பளபளத்துக்கொண்டிருந்தது. தாட்சாயினி குனிந்து தாயின் இடக்கண்ணைப் பார்த்தாள். அங்கே புள்ளி இல்லை.