படியில் இல்லாத செருப்பு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கடலோரத்தில் இருக்கும் எங்கள் சிற்றாலயத்துக்கு நூறு வயது. நூற்றாண்டு மலருக்கு அதன் வரலாற்றை எழுத வேண்டும். "படிச்ச புள்ள நீதானே?" என்றார் பங்குச் சாமியார். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அதற்கு இப்படியும் ஒரு தண்டனை.

முதல் தொடக்கம்: "அலைகள் தாலாட்டும் அமைதியின் மடியில்..." சீ. உப்பு தின்ற சுவருக்கு இதெல்லாம் எதற்கு?

இரண்டாவது: கடலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கோயில் படியில் விட்டுப் போவார்கள். திரும்பியதும் மாட்டிக்கொள்வார்கள். மூடுபனி இறங்கினால் கரை தெரியாது. படியில் ஒரு செருப்பு மிச்சம் இருக்கும்வரை மணிக்காரர் மணியடிக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் படகுகள் வரும்.

[மெழுகும் ஈரக் கயிறும் கலந்த வாசனை இப்போதும் மூக்கில் ஏறுகிறது. பூசை முடிந்ததும் மணிக்காரர் என்னைத் தூக்கிக் கயிற்றில் தொங்கவிடுவார். "இழு தாயி, மோட்சம் வரைக்கும் கேக்கட்டும்!" எதுவும் அறியாத வயது. இந்த அடைப்புக்குறியை நீக்க வேண்டும், கோபம் இளகுகிறது.]

2

மூன்றாவது: "எனக்கு மூன்று வயது. மூடுபனியில் மணிக்காரர் பாதியிலேயே மணியை நிறுத்தினார். தனியே கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை."

ஊர் சொல்வது இதைத்தான். அவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் தூங்குமூஞ்சி. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் அவர் முகத்தில் விழித்ததில்லை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மீன்கூடை கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அதை அடிச்சிடு."

"ஏம்மா, பொய்யா?"

"படியில செருப்பே இல்ல. எல்லாரும் வந்தாச்சுன்னு நிறுத்துனாரு."

"அப்பா செருப்பு?"

"வார் அறுந்திருந்துச்சு. மனுசன் வர்றதுக்குள்ள தச்சு வெச்சிடலாம்னு நான்தான் எடுத்துட்டுப் போனேன். தைக்கிற கடையில உக்காந்திருக்கேன், பனி இறங்குது. மணி நின்னப்போ, அவரும் வந்துட்டாருன்னு நிம்மதியா மூச்சு விட்டேன்டி."

[இங்கே நான் அழுததாக ஒரு வரி இருந்தது. அழவில்லை. கத்தினேன்.]

3

மணிக்காரர் வீட்டுக்குப் போனேன்.

"பெரியப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"தச்ச செருப்போட உங்கம்மா ஓடி வந்தா. பாத்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

"அப்புறம் ஏன் வாயே திறக்கல?"

"புருசனைப் பறிகொடுத்துட்டுப் புள்ளையோட நிக்கிறா. ஊரு அவளைச் சும்மா விட்டிருக்குமா? எனக்கென்ன, தூங்குமூஞ்சிதானே, நல்லாத் தூங்குனேன்." சிரித்தார். "நிறுத்துனது நான்தான். அதுல என்ன பொய்? அப்படியே போடு."

அம்மா விடவில்லை. "என்னைப் போடுடி. அந்த மனுசன் கண்ண மூடுறதுக்குள்ள போடு."

4

முடிவு அ: அம்மாவை எழுதுகிறேன். நாளை முதல் அவள் கூடையோடு ஊரின் ஏச்சையும் சுமந்து தெருவில் நடக்க வேண்டும்.

முடிவு ஆ: அவரை எழுதுகிறேன். இருபது வருடப் பழியை நானே அச்சில் ஏற்றுகிறேன்.

முடிவு இ: "கயிறு அறுந்தது." யாருக்கும் நோகாது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இதை நான் உரக்க வாசிக்க வேண்டுமாம். முன்வரிசையில் அவர் இருப்பார். இரண்டு வரிசை தள்ளி அம்மா. அவள் பக்கத்து இடம் காலி, நீங்கள் அங்கே உட்காருங்கள். "அன்று செருப்பில்லாத படியைப் பார்த்து" என்பதுவரைதான் எழுதியிருக்கிறேன்; வாசித்துவிட்டு நிமிர்வேன். அம்மா தலையாட்டுவாள். அவர் கூடாதென்று கையசைப்பார்.

நான் உங்களைத்தான் பார்ப்பேன்.