இடம் போதாமல் எடுத்தவை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இணையம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டோம். அந்தக் கோரத்தை நேரில் கண்டவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

பத்திரிகை ஆசிரியர் கேட்டது காதல் கதை. "ஆயிரத்தைந்நூறு வார்த்தைதான், சார். ஒண்ணு கூடினாலும் கடைசிலேருந்து வெட்டிடுவேன்" என்றார். சொன்னால் செய்கிறவர். போன முறை என் துப்பறியும் கதையில் கொலைகாரனின் பெயர் கடைசி வரியில் இருந்தது. இன்றுவரை அவன் பிடிபடவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வானம் இருண்டு கிடந்தது. பல் டாக்டரின் மனமும் அவ்வாறே—"

வேண்டாம். அன்று நல்ல வெயில். துணிகூடக் காயப்போட்டிருந்தோம்.

இரண்டாம் முயற்சி: "ரவுட்டர் என்பது யாதெனில்—"

இதுவும் வேண்டாம். உங்களுக்கே தெரியும். கூடத்து மூலையில் தூசி படிந்து கிடக்கும். இணையம் நின்றால் மட்டும் வீடே போய்க் குனிந்து பார்க்கும். மற்ற நாளில் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. (இது என்னைப் பற்றிய வரி அல்ல.)

மூன்றாம் முயற்சி: என் மருமகள் பல் டாக்டர்.

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

வாரத்தில் ஆறு நாள் அவள் அடுத்தவர் வாய்க்குள் கைவிடுகிறாள். மிச்ச நேரம் ரவுட்டருக்குள் கைவிடுகிறாள். பெட்டியை விற்ற கம்பெனி, சில வருடங்களில் அதற்குள் ஓடும் மென்பொருளைக் கைகழுவிவிடும். ஓட்டை விழுந்தால் அடைக்காது, புதிது வாங்கச் சொல்லும். இதைப் பொறுக்காத சிலர் உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து, காலணா வாங்காமல், பழைய பெட்டிகளுக்குத் தாங்களே மென்பொருள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைக்கிறார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பொறுப்பாளர். நாதியற்ற ஒரு கறுப்புப் பெட்டிக்கு என் மருமகள் பொறுப்பாளர்.

எங்கள் அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் அந்தக் கறுப்புப் பெட்டிதான், உள்ளே ஓடுவது அவள் ஏற்றித் தந்த மென்பொருள்தான். சங்கச் செயலாளர் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். அவருடைய மச்சான் புதுப் பெட்டி விற்கிறவர். மருமகள் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "நல்லா இருக்கறத எதுக்குத் தூக்கிப் போடணும்? ஓட்டைய அடைக்கறது என் பொறுப்பு. முடியலைன்னா நானே வந்து சொல்றேன், மாத்திக்குங்க."

"பார்க்கலாம் டாக்டர்" என்றார் செயலாளர். அந்தப் 'பார்க்கலா'மில் ஒரு கடைத் திறப்பு விழாவே தெரிந்தது.

(என் மகன், அதாவது அவள் கணவன், இதே வீட்டில்தான் இருக்கிறான். கதையில் அவனுக்கு வேலையில்லை. இடம் போதாததால் மொட்டைமாடி அறைக்கு அனுப்பிவிட்டேன். அவன் மறுப்புச் சொல்லவில்லை. ஞாயிறு முழுக்க அங்கேதான் கணினியோடு கிடப்பான்.)

3

சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். புதிய பதிப்பு வந்தது. மென்பொருள் பெருத்துவிட்டது, பெட்டியின் நினைவகம் அதே சின்னதுதான். கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை நான் இப்போது போட்டுப் பார்ப்பதுபோல. பில்டு என்பது எழுதிய வரிகளையெல்லாம் கணினியில் கொட்டி அரைத்து ஒரே கோப்பாகத் திரட்டும் வேலை. சாயங்காலம் தொடங்கினால் அரைத்து, அரைத்து, கடைசியில் 'கொள்ளவில்லை' என்று கையை விரிக்கும். ஒரு வாரம் இதே கதை.

பதிப்பை வெளியிடுகிறவர் ஏதோ ஒரு கண்டத்தில் இருக்கிறார். குழுவில் அவருக்குக் குறட்டை என்று பெயர். ஒருமுறை கூட்டத்தில் மைக்கை அணைக்காமல் தூங்கிவிட்டார். ஒரு தன்னார்வலர் அதைக் கணினிக் காற்றாடியின் கோளாறு என்று நினைத்துப் புகார் பதிந்தார். அந்தப் புகார் இன்னும் தீர்க்கப்படாமல் நிலுவையில் இருக்கிறது. (இவர் உண்மையான ஆளா, நானே செய்த பாத்திரமா என்று எனக்குச் சந்தேகம். குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் செய்திருந்தால் இதைவிடக் குறைவாகப் பேசுகிறவராகச் செய்திருப்பேன்.)

குறட்டையின் விதி எளிது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் பொறுப்பாளர் தன் பெட்டியில் புதிய மென்பொருளை ஏற்றிப் பார்த்து, 'எழுந்தது' என்று ஒரு சொல் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த மாதிரிக்கு இனிப் புதிய பதிப்பே கிடையாது. பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

ஆகவே அவள் பிடுங்கத் தொடங்கினாள். அச்சுப்பொறிக்கான பகுதியைப் பிடுங்கினாள். யாரும் தொடாத நான்கு கருவிகளைப் பிடுங்கினாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சொல்லு."

"உங்க தமிழ எடுத்துட்டேன்."

அந்தப் பெட்டியின் திரைக்குத் தமிழ் எழுதித் தந்தவன் நான். (அடிக்குறிப்பு: மற்றவர்கள் 'அறியப்படாத பிழை' என்று எழுதும் இடத்தில் 'என்ன எழவோ தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். துல்லியத்துக்காகப் பாராட்டு வந்தது.)

"நானா பெருத்துட்டேன்?"

"தமிழ் எழுத்துக்கு இங்கிலீஷப்போல மூணு பங்கு இடம் வேணும் மாமா. அதுல நீங்க வேற விளக்கமா எழுதறவரு."

அப்போதும் ஒரு நூலிழை மிஞ்சியது. வெள்ளிக்கிழமை, ஒரு நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்த இடைவெளியில், கைப்பேசியிலேயே இன்னொரு துணுக்கைப் பிடுங்கினாள். "அது ஏதோ அலங்காரச் சாமான் மாமா" என்றாள். பில்டு கொண்டது. அன்றைக்கு வந்த நோயாளிகள் எல்லோரும் டாக்டர் பாடிக்கொண்டே பல் பிடுங்கியதாகச் சொன்னார்கள்.

4

ஞாயிறு காலை. சோதனைக்கென்று வைத்திருந்த பெட்டி போன பதிப்பிலேயே புகைவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்ததால், வீட்டுப் பெட்டியிலேயே ஏற்றினாள். பழைய அமைப்புகளைத் துடைத்துவிட்டு ஏற்றுவதுதான் சோதனைக்கு முறை. அப்படிப் புதிதாகப் பிறக்கும் பெட்டி வைஃபையை மூடியே வைத்திருக்கும். பிறகு நாம்தான் திறக்க வேண்டும். ஆகவே உயிர் வந்ததா என்பதற்கு இவர்கள் பார்ப்பது பச்சை விளக்கை. விளக்கு சிமிட்டினால் உயிர். சிமிட்டும் அந்த நேரத்தில் பின்னாலிருக்கும் பொத்தானை அழுத்தினால், கெட்டுப்போன பெட்டியையும் மீட்டுவிடலாம். விளக்கே வராவிட்டால் மின்சாரத்தைப் பிடுங்கி, சொருகி, மறுபடி முதலிலிருந்து. ஒரு தன்னார்வலரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

விளக்கு வரவில்லை.

அவள் கைப்பேசியில் குறட்டையைப் பிடித்தாள்.

"விளக்கு?" என்றார் குறட்டை.

"இல்ல."

"பிடுங்கிச் சொருகுங்க. இப்ப?"

"இல்ல."

"பொத்தான அமுக்குனீங்களா?"

"எப்ப அமுக்கறது? சிமிட்டினாத்தானே அமுக்கணும்?"

"சிமிட்டறதா நெனச்சுட்டு அமுக்குங்க டாக்டர்."

பல் குடையும் ஊசியால் பொத்தானை அழுத்தினாள். தரையில் மல்லாந்து படுத்து அழுத்தினாள். சுவிட்சுப் பலகையின் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, "போடுங்க மாமா… எடுங்க மாமா… போடுங்க" என்றாள். மின்வாரியத்தில் வேலை பார்த்தவன்கூட ஒரு நாளில் அத்தனை முறை போட்டு எடுத்திருக்க மாட்டான். என் கட்டைவிரலில் சுவிட்சின் பள்ளம் பதிந்து, வங்கியில் ரேகையை ஏற்க மறுத்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆகவே சொல்லவில்லை.

மத்தியானம் செயலாளர் வந்தார். தண்ணீர்த் தொட்டி விஷயமாம். கண் மட்டும் கூடத்து மூலையில் இருந்தது.

"என்ன டாக்டர், இருட்டா இருக்கு? பேஷண்ட் போயிட்டாரா?"

"மயக்கம் தெளியல. அவ்வளவுதான்."

"காலைலேருந்தா? எனக்கு ஒரு பல்லு ஆடுது, வேற டாக்டரையே பார்த்துக்கறேன்." வாசலில் நின்று திரும்பினார். "மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கவா?"

"ஆறு மணி வரைக்கும் பொறுங்க."

"பொறுக்கறேன். பொறுக்கறதுதான் என் வேலையே."

5

மணி ஐந்தேமுக்கால். அவள் சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு ஆட்டம் கண்ட பல்லா இருந்தாலும் காப்பாத்தப் பார்க்கறவ நான், மாமா. ஆனா செத்த பல்ல வாய்ல வச்சுட்டிருக்கக் கூடாது. ஒரு ஒரு வீடா போய்ச் சொல்லணும். முதல்ல அந்தாளு வீடு."

கைப்பேசியில் குழுவுக்குத் தட்டத் தொடங்கினாள்: 'எழவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிட—'

(இந்த இடத்தில் நான் வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். "சட்டென்று ஒரு பச்சை ஒளி—" மனசாட்சி இடம் கொடுத்தது. மென்பொருள் கொடுக்கவில்லை. "மாமனார் தன் நடுங்கும் கையால் பெட்டியைத் தொட—" என்று இன்னொன்று. என் கை நடுங்காது. அடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், இந்த இடத்தில் எனக்கும் வழி தெரியவில்லை. மருமகள் அழுவதை எழுதுவதா, பாதியில் பேனாவை மூடுவதா என்று உட்கார்ந்திருந்தேன்.)

அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம். யாரும் கூப்பிடாமல் கதைக்குள் ஒரு ஆள் இறங்கி வந்தான். என் மகன்.

"உன்ன யாருடா வரச் சொன்னது?" என்றேன். ஆசிரியன் என்ற முறையில் கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா. இப்பதான் நெட் ஒழுங்கா நின்னு ஓடுது. தயவுசெஞ்சு யாரும் கைய வச்சுடாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன ஓடுது?" என்றாள் அவள்.

"நெட். காலைலேருந்து வருது, நல்லா ஓடுது, பட்டுனு போகுது. வருது, ஓடுது, போகுது. ஞாயித்துக்கிழமைன்னா நீ எதையாவது நோண்டுவன்னு தெரியும். அதான் பல்லக் கடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்."

சுவரோரமாக ஏறி மொட்டைமாடிக்குப் போகும் சாம்பல் நிறக் கம்பியை மூன்று பேரும் பார்த்தோம். அவன் அறைக்கு வைஃபை எட்டாது என்று அவளே இழுத்துவிட்ட கம்பி. அதன் மறுநுனி கறுப்புப் பெட்டியின் முதுகில் சொருகியிருந்தது. காலையிலிருந்து.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "காலைலயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஒருத்தரும் கேக்கலையே."

அழைப்பைத் துண்டிக்காமலே வைத்திருந்த கைப்பேசியிலிருந்து குறட்டையின் குரல் வந்தது. "டாக்டர், கடைசியா என்னமோ அலங்காரச் சாமான்னு எடுத்தீங்களே. அது என்ன?"

அவள் வெள்ளிக்கிழமை பிடுங்கிய துணுக்கைக் கைப்பேசியில் தேடி, விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"விளக்க எரிய வைக்கிற பகுதி."

அதாவது, பெட்டி ஒவ்வொரு முறையும் நல்லபடியாக எழுந்து உட்கார்ந்திருக்கிறது. விளக்கைப் பிடுங்கிய கையே விளக்கைத் தேடியிருக்கிறது. எழுந்தவன் தலையில் தட்டித் தட்டிப் படுக்கவைத்துவிட்டு, ஐயோ எழவில்லையே என்று நாங்கள் மாரடித்துக்கொண்டிருக்கிறோம்.

அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவள் விளக்கை எடுத்தாள். நான் மகனை எடுத்தேன். இரண்டு பேரும் சொன்னது ஒரே காரணம்.

6

"ஆறு மணிக்கு ரெண்டு நிமிஷம்" என்றார் குறட்டை. "விளக்கில்லாம எழுந்தா, எழுந்ததுன்னு கணக்கா?"

"விதியில விளக்குன்னு இருக்கா?"

"எழுந்ததுன்னுதான் இருக்கு. நான்தான் எழுதினேன். தூக்கக் கலக்கத்துல."

அவள் தட்டியிருந்ததை அழித்துவிட்டு ஒரே சொல்லை எழுதி அனுப்பினாள். கறுப்புப் பெட்டி பட்டியலில் நின்றது. மகன் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அந்தச் சாம்பல் கம்பியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசிரியர் கேட்ட காதல் கதை இதுதான். அவ்வளவுதான் இடம்.

ஆனால் உங்களுக்கு முடிவு வேண்டும். அதில்தான் தகராறு. திங்கட்கிழமை விடிந்ததும் கட்டடத்தின் எல்லாப் பெட்டிகளும் புதிய மென்பொருளைத் தாமே ஏற்றிக்கொள்ளும். அமைப்புகள் அப்படியே இருக்கும், இணையம் நன்றாக ஓடும், விளக்குகள் மட்டும் மொத்தமாக அணையும். அதற்காக ஓர் அறிவிப்பு எழுதி மின்தூக்கிக்குள் ஒட்டும் பொறுப்பை மருமகள் எனக்குத் தந்தாள். என் தமிழை எடுத்ததற்குப் பிராயச்சித்தமாம். எழுதினேன்: 'நாளை முதல் பெட்டியில் விளக்கு எரியாது. பெட்டி சாகவில்லை. பிடுங்கும் முன் வீட்டில் யாரையாவது கேட்கவும்.'

முடிவு அ: எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் பிடுங்கவில்லை. (இப்படிப்பட்ட கட்டடத்தை நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: ஒருவரும் படிக்கவில்லை. மச்சான் கடையில் வரிசை நின்றது. (இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் மருமகள் சாப்பாடு போடமாட்டாள்.)

நடந்தது இரண்டும் அல்ல. அது கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. சொல் கூடிவிட்டிருந்தால் ஆசிரியர் அதை வெட்டியிருப்பார். அப்படி வெட்டியிருந்தால், கதை நின்றுவிட்டது என்று நினைத்து முதல் வரியிலிருந்து மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். விளக்குதான் இல்லை, உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். வீட்டில் யாரையாவது, இடம் போதாமல் நீங்கள் மாடிக்கு அனுப்பிவைத்த யாரையாவது, கூப்பிட்டுக் கேளுங்கள்; சொல்வார்கள். திங்கட்கிழமை காலை செயலாளர் தன் கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆடுகிற பல்லையும் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, மருமகளிடம் மிகவும் தாழ்ந்த குரலில்,