பொன்மணி பெயரில் ஐந்து பெட்டி

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அந்த இரண்டு நாளும் அது பொன்மணி மேல்தான்.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அறைக்கு நான்கு பெண்கள். கம்பி மத்தாப்பை டப்பாவில் அடுக்கி, டப்பாக்களைப் பெட்டியில் போட்டு, மேலே அவரவர் பெயர்ச் சீட்டை வைக்க வேண்டும். சீட்டை எண்ணித்தான் கூலி. கை முறிந்து கட்டுப் பிரித்து வந்ததிலிருந்து எங்கள் அறைப் பொன்மணிக்கு வேகம் போய்விட்டது. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தினமும் என் பெட்டிகளில் ஐந்துக்கு அவள் சீட்டை வைத்தேன்.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்றாள்.

"வாயப் பொத்திக்கிட்டு வேலையப் பாருடி."

இந்த வருஷம் ஆர்டர் குறைந்துவிட்டது. அறைக்கு ஓர் ஆளை வேலையை விட்டு நிறுத்த முடிவு செய்தார்கள். மேனேஜர் நவநீதகிருஷ்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்று மாதச் சீட்டை எண்ணிப் பார்த்தார். எங்கள் அறையில் ஆகக் குறைவு அழகுமீனா. நான்தான்! என் கை வேகத்துக்குக் கம்பெனியிலேயே ஆள் கிடையாது. கூத்தைப் பாருங்கள்.

பொன்மணி வாயைத் திறக்கப் போனாள். நறுக்கென்று கிள்ளினேன்.

"உண்மையச் சொன்னா உன்னையத்தான் நிப்பாட்டுவாக. எங்க வீட்டுக்காரரு ஆட்டோ ஓட்டுறாரு, நான் சமாளிச்சுக்கிருவேன். மீறிப் பேசுன, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காத."

வீராப்பாகப் பேசிவிட்டு வந்தேனே தவிர, வீட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன். எதற்குக் கொடுத்தோம் என்றுகூட நினைத்தேன். பொய் சொல்வானேன்?

மறுநாள் காலை கம்பெனி வேன் எங்கள் தெருவில் ஹாரன் அடித்தது. டிரைவர் பழக்க தோஷத்தில் வந்துவிட்டான் என்று திட்டப் போனேன். சூப்பர்வைசர் மாரிக்கண்ணன் இறங்கி வந்தார்.

"ஏறுங்கக்கா. பொன்மணி நேத்துச் சாயங்காலமே மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சு. நிப்பாட்டுற லிஸ்ட்டுல ஒங்க பேர அடிச்சுட்டு அது பேர எழுதிட்டாக."

"அடிப் பாவி மகளே! நான் வரல, அவளையே வச்சுக்கிறச் சொல்லுங்க."

"நீங்க வரலேன்னாலும் அத வேலைக்கு எடுக்க மாட்டாகக்கா. கையில வேகம் இல்லேன்னு தெரிஞ்சுபோச்சுல்ல."

ஏறினேன். அவள் உட்காரும் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

அடுத்த தெருவில் பொன்மணி வாசலில் நின்று, நான் உள்ளே இருக்கிறேனா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். வேனை நிறுத்தச் சொல்லி, நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"சாப்பிட்டியாடி?" என்றுதான் வாயில் வந்தது.