முதல் பட்டனில் கிளைவ்

கிளைவ் ஹிண்டில் செத்துப்போன பிப்ரவரியில் எங்கள் பல்கலைக்கழக மாணவர் தொலைக்காட்சி ஒரு கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

எங்களிடம் மூன்று கேமராக்கள். மூன்றும் மூன்று ஜாதி. ஒன்று ஏலத்தில் எடுத்தது, ஒன்று யாரோ தூக்கிப்போட்டது, ஒன்று யாருடைய மாமாவோ கொடுத்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் திரையில் படம் உருண்டு ஓடும். அதைத் தடுக்கக் கடையில் விற்கிற சாதனத்தை வாங்க எங்களுக்கு ஏழு ஜென்மம் வேண்டும். மின்னணுவியல் படித்த கிளைவ்தான் மூன்று படத்தையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவரும் பெட்டிகளைச் செய்தான். அவற்றில் வேண்டியதைத் தேர்ந்து வெளியே அனுப்ப எட்டு பட்டன் வைத்த ஒரு சுவிட்ச் பெட்டியும் செய்தான். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சாமான், அலுமினியத் தகடு, ஒரு பிஸ்கட் டின், அவ்வளவுதான். வட இங்கிலாந்தில் நெசவாலைகள் நிறைந்த பர்ன்லி பக்கத்துப் பையன். பேசினால் காசு கேட்பார்கள் என்பதுபோல வாயை மூடிக்கொண்டிருப்பான்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தப் படமாவது ஒரு கணம் தடுமாறினால் தானாக முதல் பட்டனுக்குத் தாவிவிடும். அங்கே எப்போதும் ஏதாவது ஒரு படம் உயிரோடு இருக்க வேண்டுமே என்று, நூலகத்தில் கழித்துக்கட்டிய காவல் கேமரா ஒன்றைத் தன் மேசைக்கு மேலே மாட்டி முதல் பட்டனோடு இணைத்திருந்தான். ஆகவே வினாடி வினா நடுவில், சங்கத் தலைவர் பேட்டி நடுவில், கறுப்பு வெள்ளையில் கிளைவ் வந்து நிற்பான். கையில் சால்டரிங் கம்பி, வாயில் பாதி சாண்ட்விச். மூன்று விநாடி, நான்கு விநாடி. மாணவர் சங்கத்து பாரில் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் கிளாஸைத் தட்டி, "வந்துட்டான்டா நம்ம ஆளு" என்று கத்தும்.

நான்தான் இயக்குநர். எனக்கு ரத்தம் கொதிக்கும். பக்கத்து அறையிலிருந்து ஹெட்போனில் அவனைக் கிழிகிழியென்று கிழிப்பேன். நிகழ்ச்சி முடிந்த பிறகும் விடமாட்டேன்.

"டேய், உன் மூஞ்சியப் பாக்கவா இத்தன பேர் உக்காந்திருக்காங்க? சரி பண்ணித் தொலைடா."

"பண்றேன்."

"போன மாசமும் இதேதான் சொன்னே."

"போன மாசமும் பண்ணிட்டுத்தான் இருந்தேன்."

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பாதுகாப்புக்காக வேறு நாடாவில் நகலெடுப்பது என் வேலை. எடுக்கும்போதே அவன் முகத்தை வெட்டிவிடுவேன். என்னை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பின்னால் யாராவது போட்டுப் பார்த்தால் என் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற திமிர். மூல நாடா அடுத்த வாரமே வேறு பதிவுக்குப் போய்விடும்.

மூன்றாம் வருடம் தொடங்கியபோது கிளைவ் கோளாறைச் சரிசெய்தான். கேமராவைக் கழற்றிவிட்டு முதல் பட்டனில் எங்கள் நிலையத்தின் பெயரட்டையை வைத்தான். அன்று அவனுக்கு நான் ஒரு பைன்ட் பியர் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு அவன் திரையில் வரவே இல்லை.

பிப்ரவரியில் ஊருக்குப் போன இடத்தில் ஆஸ்துமா வந்து போய்விட்டான். இருபத்தொரு வயது.

அவனுடைய விடுதி அறையைக் காலிசெய்ய அவன் அம்மா வந்தாள். எங்கள் செயலாளன் டங்கன் அவளை மாடியிலிருந்த எங்கள் நிலையத்துக்குக் கூட்டிவந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"பதினாலு வயசுக்கு மேல ஒரு போட்டோவுக்கு நிக்கல அவன். இங்கயேதான கெடந்தான், எதுலயாவது இருப்பான்ல கண்ணு? நடமாடுற மாதிரி ஒரு தடவ பாத்தாப் போதும்."

டங்கன் என்னைப் பார்த்தான். "வெள்ளிக்கிழமை வாங்க, மிசஸ் ஹிண்டில்" என்றேன். வேறு என்ன சொல்வது?

நாற்பத்தொரு நாடா. இரண்டு நாள் உட்கார்ந்து நானும் டங்கனும் ஓட்டிப் பார்த்தோம். அவன் வந்திருக்க வேண்டிய இடமெல்லாம் எனக்கு நினைவிருந்தது. அங்கெல்லாம் படம் வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு ஒழுங்காக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை. அசந்துபோய் வெட்டாமல் விட்டது ஆறே இடம். சேர்த்து ஒட்டினால் பத்தொன்பது விநாடி. டங்கன் அவற்றை ஒட்டத் தொடங்கினான். திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கிளைவ் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தின் மேல் வினாடி வினாக்காரன் பாலாடைக்கட்டியைப் பற்றி ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

"சத்தம் நிகழ்ச்சியோடதுதான், மிசஸ் ஹிண்டில்" என்றான் டங்கன், பாதி அழுகையோடு. "அவன் பேசுறது கேக்காது."

"கொறைச்சிடு தம்பி. முப்பது வருஷம் தறி ஓட்டினவ நான். அந்த எரைச்சல்ல யாரு பேசுறது யாருக்குக் கேக்கும்? உதட்டப் பாத்துத்தான் எங்க பேச்செல்லாம்."

சத்தம் நின்றது. அவள் முன்னால் குனிந்தாள். அவன் உதட்டைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த நேரத்தில் நான் கத்திக்கொண்டிருப்பேன்.

"சாரி மொய்ரா" என்று மெல்லப் படித்தாள். அடுத்த துண்டு. "சாரி, சாரி மொய்ரா." அடுத்தது. "இதோ ஆச்சு. சாரி." நான்காவதும் ஐந்தாவதும் அதேதான். ஆறாவதில் வாயில் சாண்ட்விச் இருந்தது. அதையும் படித்துவிட்டாள்.

திரை கறுத்தது.

"மொய்ரா யாரு கண்ணு?"

"நான்தான்."

திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "வீட்ல ஒருநாளும் யார்கிட்டயும் இப்படிக் கெஞ்சினவன் இல்ல. அப்படி என்ன தப்பு பண்ணிட்டான் உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். டங்கன்கூட அதைத்தான் விரும்பியிருப்பான்.

"திரையில தெரிஞ்சுட்டான். அதுக்குத்தான்."

"அதுக்கா?" கைப்பையின் கொக்கியை அவள் விரல் திறந்து மூடியது. "மூணு வருஷத்துக்கு இவ்ளோதானா?"

"நெறைய இருந்துச்சு, மிசஸ் ஹிண்டில். நான் வெட்டிட்டேன்."

தெருவில் ஒரு பஸ் நின்று கிளம்பியது. அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னொரு தடவ போடு" என்றாள். கண்ணு என்று சொல்லவில்லை. நான் நாடாவைப் பின்னால் ஓட்டினேன்.