விறகுக்கட்டும் காட்டுமாடும்

எங்கள் எஸ்டேட்டின் லயன் வரிசை வீடுகளுக்குக் கீழே, தேயிலைக்குள் இறங்கும் தடத்தில், காட்டுமாடு வந்தால் ஊத ஒரு மின்சாரச் சங்கு வைத்தேன். நான் கெஸியா, அரவேணுப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். தடத்தின் குறுக்கே இரண்டு ஒளிக்கற்றைகள்: ஒன்று முழங்கால் உயரத்தில், இன்னொன்று ஆள் தலைக்குச் சற்று மேலே. எது மறைந்தாலும் சங்கு ஊதும்படி ஆர் (OR) கேட் போட்டிருந்தேன். நாய் போனாலும் ஊதியது, ஆள் போனாலும் ஊதியது.

"ஏனுங்க டீச்சர், மாடு வந்தாக்கூட அது பாட்டுக்குப் போயிருமுங்க. உங்க சங்குதான் உசுர வாங்குது," என்றார் பக்கத்து வீட்டுச் சின்னராஜ். ஞாயிற்றுக்கிழமை ஒயரைப் பிடுங்கிவிடுவதாக லயனே பேசி வைத்திருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன வருஷம் மாடு முட்டிய முனியசாமி இன்னும் படுத்த படுக்கை. இவர்களுக்குத் தூக்கம் பெரிதாகப் போய்விட்டது.

சனிக்கிழமை ஆர் சிப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அண்ட் (AND) சிப்பைச் செருகினேன். இரண்டுக்கும் கால்கள் ஒரே வரிசை, ஒயரைத் தொட வேண்டியதில்லை. இனி இரண்டு கற்றையும் சேர்ந்து மறைந்தால்தான் சங்கு. நாயும் ஆளும் கீழ்க்கற்றையை மட்டும் மறைப்பார்கள். மாட்டின் திமில்தான் மேலேயும் எட்டும்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் ஒயரைத் தொடவில்லை. ஆனால் திங்கட்கிழமை சாயங்காலமே சங்கு ஊதியது. ஓடிப் பார்த்தால், சின்னராஜின் மனைவி செல்வி தலையில் விறகுக்கட்டோடு திருதிருவென்று நிற்கிறாள். கட்டு மேல்கற்றையை மறைத்துவிட்டது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்து சமயத்தில் இங்கே எந்தப் பெண் வெறுந்தலையோடு வீடு திரும்புகிறாள்? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், சர்க்யூட் போடும்போது மறந்துவிட்டேன்.

மற்ற பெண்கள் மேல்ரோட்டு வழியாக வருவார்கள், அந்தத் தடத்தில் விறகோடு வருபவள் அவள் ஒருத்திதான். அதனால் சங்கு ஊதினாலே "செல்வி வந்துட்டா" என்று லயன் சிரிக்கும். சின்னராஜ் கட்டை வாங்கிக்கொள்ள இறங்கிப் போவார். நானும் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

மூட்டம் கவிந்த ஒரு சாயங்காலம், செல்வி எஸ்டேட் ஜீப்பில் மேல்ரோட்டில் வந்து இறங்கி, நேராக என் அடுப்படிக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. வெளியே சின்னராஜின் குரல் கேட்டது: "எம்பொண்டாட்டி வந்துட்டா." செருப்புச் சத்தம் தடத்தில் இறங்கியது.

செல்வி என்னைப் பார்த்தாள். "நா இங்கதான இருக்கறேன்."

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்று அவள் கத்திய கத்தலில் சின்னராஜ் நின்றார். அவருக்குப் பத்தடி முன்னால், மூட்டத்துக்குள், பெரிதாக ஏதோ மூச்சு விட்டது. அவர் திரும்பாமலே பின்னால் பின்னால் நடந்து வந்தார். மாடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கியது. சங்கு சரியாகத்தான் ஊதியது, ஆனால் அதை ஒருவரும் நம்பவில்லை.

மறுநாள் தடத்துக் கம்பத்தில் ஒரு பட்டன் வைத்து, நாட் (NOT) கேட் வழியாக இணைத்தேன். செல்வி வரும்போது அதை அமுக்கினால் கொஞ்ச நேரம் சங்கு ஊதாது. சின்னராஜ் வீட்டில் ஒரு சின்ன பல்பு மட்டும் எரியும். பட்டனுக்கு இடம் காட்டியது சின்னராஜ்தான்.

"இன்னுங் கொஞ்சம் கீழ வைங்க டீச்சர். கட்டு தலைல இருக்கறப்ப அவ கை அவ்வளவுதான் எட்டுமுங்க."

இப்போது சங்கு ஊதினால் யாரும் சிரிப்பதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பல்பு எரிந்தால் சின்னராஜ் செருப்பை மாட்டுகிறார்.