ஆளில்லாத வீடுகளில் ஓடிய விசிறிகள்

மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம். மீட்டரைப் பார்த்தே வீட்டில் எத்தனை பேர், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்குத்தான் ஒரு விஷயம் உறுத்தியது.

ஆற்றோரத்தில் நாற்பது வீட்டு அடுக்குமாடி ஒன்று. தொழில்கள் படுத்து, ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடந்ததில் இரண்டு வருஷமாக விலைபோகாமல் கிடந்தது. வீட்டு வியாபாரத்தைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் ஓர் அறிவிப்பு விட்டது: வாங்குகிற வீட்டில் ஆள் குடியிருந்தால் பத்திரப்பதிவுக் கட்டணம் கிடையாது. மூன்றே மாதத்தில் நாற்பதும் விற்றுப்போனது.

"பாத்தியா, இனிமே விலை எகிறிடும். கடனோ உடனோ வாங்கி நாமளும் ஒண்ணப் பிடிச்சுப் போட்டுடணும்" என்று பஸ் ஓட்டும் அவள் கணவன் ஒற்றைக்காலில் நின்றான்.

அந்த மாதம் அவள் அங்கே கணக்கெடுக்கப் போனாள். ஒரு வீடு ஐம்பத்தாறு யூனிட். பக்கத்து வீடும் ஐம்பத்தாறு. அதற்கடுத்ததும் அதே. இருபத்தேழு வீட்டில் இம்மி பிசகவில்லை. 'எல்லாரும் பேசிவெச்சுக்கிட்டா சுவிட்ச் போடுவாங்க?' மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு விசிறி ஒரு மாதம் இரவு பகலாக ஓடினால் அவ்வளவுதான் வரும்.

மண்டை குடைச்சல் தாங்காமல் மாடியேறினாள். வாசலில் செருப்பில்லை, கொடியில் துணியில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், தரையில் விரித்த பாலிதீன் தாள்கூட எடுக்காத அறையில் விசிறி மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கீழே வந்து காவல்காரரைப் பிடித்தாள். "என்னண்ணே, பேய்க்கா காத்து வீசறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "அம்பது யூனிட்டுக்குக் கீழ போனா ஆளில்லாத வீடுன்னு சலுகையப் பிடுங்கிடுவாங்களாம்மா. அதான் விசிறிய நிறுத்தாதேன்னு உத்தரவு."

"யாரு உத்தரவு?"

"இருபத்தேழையும் வாங்கிப் போட்டிருக்கறது அஞ்சே பேரு. விலை ஏறினதும் தள்ளிவிடக் காத்திருக்காங்க."

யூனிட் பொய்யில்லை, அதை மாற்ற முடியாது. ஆனால் படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. நாய் கடிக்கும், கதவு பூட்டியிருக்கிறது என்றெல்லாம் எழுதுவதற்கு. கொஞ்சம் யோசித்தாள். பிறகு இருபத்தேழு கட்டத்திலும் எழுதினாள்: 'விசிறி ஓடுகிறது. ஆள் இல்லை.'

கணவன் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே போய்ப் பார்த்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு திரும்பினான். "சலுகை விசிறிக்குத்தான் குடுத்திருக்காங்க போல."

அந்தக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் அதிகாரிகள் வந்து கதவு கதவாகத் தட்டினார்கள். குடிவையுங்கள், இல்லையென்றால் கட்டணத்தைக் கட்டுங்கள் என்று ஐந்து பேருக்கும் கடிதம் பறந்தது. மளமளவென்று பால்கனிகளில் 'வாடகைக்கு' அட்டைகள் தொங்கின. ஒரே நேரத்தில் இத்தனை வீடு வந்ததில் அந்தப் பக்கமே வாடகை சரிந்தது. பஸ் பணிமனைக்குப் பக்கம் என்பதால் அவளும் கணவனும் இரண்டாம் மாடியில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள்.

கணவனுக்குச் சொந்த வீட்டு ஆசை மட்டும் விடவில்லை. "அடுத்து என்ன அறிவிக்கறாங்கன்னு பாப்போம்" என்றான்.

"பாருங்க. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் அவள்.